வைரியின் முன்னெழுத்து

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வேம்பில் அணில் விடாமல் கத்தத் தொடங்கினால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுந்து போவேன். பாதி நாள் அது பூனையாக இருக்கும். மீதி நாளில், இலைகளுக்கு நடுவே, புறாவைவிடச் சற்றுச் சிறிய பறவை ஒன்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சாம்பல் முதுகு. வெளுத்த மார்பில் நெருக்கமாகச் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். மெலிந்த மஞ்சள் கால்கள். வளர்ந்த ஆணாக இருந்தால் கண் செக்கச் செவேலென்று இருக்கும். தவிட்டுக்குருவிகள் ஒன்றையொன்று எச்சரித்துக்கொண்டு புதருக்குள் ஒடுங்கிவிட்டிருக்கும். பறவை கிளையிலிருந்து சரிந்து விழுவதுபோல இறங்கும். மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானோடு அடுத்த மரத்துக்குள் மறைந்துவிடும். அதுதான் வைரி.

பார்த்த பறவைகளைக் கைபேசியில் பதிந்துவைப்பது பல ஆண்டுப் பழக்கம். 2024 இறுதியில் ஒரு காலை வைரியைப் பதியப் போனபோது அதன் அறிவியல் பெயர் மாறியிருந்தது. அக்சிபிட்டர் பாடியஸ் என்று நான் மனப்பாடமாக வைத்திருந்த பெயரின் இடத்தில் டாக்கிஸ்பைசா பாடியா என்று இருந்தது. நெடுநாள் தெரிந்த ஒருவரை வேறு பெயர் சொல்லி யாரோ அழைப்பதைக் கேட்டதுபோல ஒரு வருத்தம். ஏன் மாற்றினார்கள் என்று தேடத் தொடங்கி, அந்தப் பெயர் வந்த தடத்தில் 236 ஆண்டுகள் பின்னால் போய்த் திரும்பினேன். திரும்பியபோது வருத்தம் இல்லை.

நம் ஊரில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தை முதலில் வைக்கிறோம். அதன் பிறகே அவரவர் பெயர். அறிவியல் பெயரும் அதே வரிசையில்தான் நடக்கிறது. முதல் சொல் பேரினம். இது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறது. இரண்டாம் சொல் சிற்றினம். அந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று சொல்கிறது. நம் முன்னெழுத்து பிறக்கும்போதே தெரிந்தது. பறவையின் முன்னெழுத்தை மனிதர்கள் உருவத்தைப் பார்த்தும் எலும்பைப் பார்த்தும் ஊகித்து எழுத வேண்டியிருக்கிறது. ஊகம் தவறினால் அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. வைரி இதுவரை குறைந்தது ஐந்து முன்னெழுத்துகளைச் சுமந்திருக்கிறது. ஒவ்வொன்றும், அந்தக் காலத்து மனிதர்கள் உறவு என்பதை எதை வைத்து அளந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இலங்கையில் வரைந்த ஒரு படம்

வைரி என்று நான் எழுதுவதை வல்லூறு என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் தமிழ்ப் பறவை நூல்களில் பொரி வல்லூறு, சிவப்பு வல்லூறு என்ற பெயர்களைத் தாங்கி நிற்பவை வேறொரு குடும்பத்துப் பறவைகள். சங்கப் பாடல்களில் எழால் என்றொரு சொல் வருகிறது. ஊர்ப்பேச்சிலோ கோழிக்குஞ்சைத் தூக்குவது எதுவானாலும் பருந்துதான். வளைந்த அலகும் கூர்நகமும் உள்ள எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வைப்பது எல்லா மொழிக்கும் இயல்பு. ஐரோப்பிய அறிவியலும் அந்தக் கூடையிலிருந்துதான் தொடங்கியது.

வைரியின் அறிவியல் பெயருக்குப் பிறந்த ஊர் இலங்கை. 1752 முதல் 1757 வரை அங்கே டச்சு ஆளுநராக இருந்தவர் யோவான் கிடியோன் லோட்டன். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு இலங்கை என்றால் லவங்கப்பட்டையும் யானையும்தான். லோட்டனுக்கு அந்தத் தீவின் பறவைகள் மேலும் செடிகள் மேலும் தீராத ஈடுபாடு. அவற்றைப் படமாக வரைய அவர் அமர்த்திக்கொண்டவர் பீட்டர் கார்னலிஸ் டெ பெவெரே. இலங்கையில் பிறந்தவர், டச்சு இரத்தமும் உள்ளூர் இரத்தமும் கலந்த குடும்பம், வரைபடம் வரையும் பணியில் இருந்தவர். அவர் தூரிகையில் இலங்கையின் பறவைகள் ஒவ்வொன்றாகத் தாளில் இறங்கின.

லோட்டன் ஐரோப்பா திரும்பியபோது அந்த ஓவியங்களும் உடன் சென்றன. பின்னாளில் லண்டனில் வாழ்ந்த அவர், அவற்றைத் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. இயற்கை ஆய்வாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கொடுத்து உதவினார். பீட்டர் பிரவுன் என்ற ஓவியர் 1776-இல் வெளியிட்ட விலங்கியல் படநூலில் லோட்டனிடமிருந்து வந்த பறவைகள் பல இடம்பெற்றன. அவற்றில் ஒன்றுக்கு பிரவுன் வைத்த பெயர் ‘பழுப்புப் பருந்து’. லத்தீன் பெயர் இல்லை.

லத்தீன் பெயர் இல்லையென்றால் அறிவியலின் பதிவேட்டில் பிறப்பே பதிவாகவில்லை என்று பொருள். அதைப் பதிந்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் யோகான் ஃபிரெடரிக் க்மெலின். இயற்கை ஆய்வாளர் லின்னேயஸின் ‘சிஸ்டமா நாச்சுரே’ நூலை விரித்துப் புதுப் பதிப்பாகக் கொண்டுவந்துகொண்டிருந்த அவர், அதுவரை அச்சில் வந்த உயிரினங்களையெல்லாம் நூல்களிலிருந்து திரட்டி லத்தீன் பெயர் கொடுத்துக்கொண்டே போனார். 1788-இல் பிரவுனின் படமும் விவரமும் அவர் மேசைக்கு வந்தன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு அவர் எழுதிய பெயர் ஃபால்கோ பாடியஸ். பாடியஸ் என்றால் செம்பழுப்பு நிறத்தது. நாம் மரத்தில் பார்க்கும் வளர்ந்த வைரியின் முதுகு சாம்பல். பழுப்பு முதுகு அதன் இளம் பறவைக்குத்தான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. தென்மேற்கு இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் வைரிக் கிளை இன்றும் அந்த மூலப்பெயரையே தாங்குகிறது.

ஒரே கூடை, பல பறவைகள்

இந்தப் பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள். ஃபால்கோ. 1758-இல் லின்னேயஸ் விலங்குகளுக்கு இருசொற் பெயர் முறையைக் கொண்டுவந்தபோது கழுகு, பருந்து, பூனைப்பருந்து, வல்லூறு அத்தனையையும் ஃபால்கோ என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். ஃபால்கோவும் பிணந்தின்னிக் கழுகும் ஆந்தையும் சேர்ந்த பெரிய வரிசைக்கு அக்சிபிட்ரஸ் என்று பெயரிட்டார். கீச்சானையும் அதில் சேர்த்திருந்தார். பெரிய கழுகையும் கைக்குள் அடங்கும் கீச்சானையும் இணைத்தது வளைந்த அலகும் கொல்லும் தொழிலும்தான். உறவு என்பது அப்போது தொழிலை வைத்து அளக்கப்பட்டது.

அந்தக் கூடையில் இருந்த பறவைகளில் ஒன்று ஃபால்கோ நைசஸ். இமயத்திலும் ஐரோப்பாவிலும் கூடு கட்டும் சிட்டுப்பருந்து அது. சிறு பறவைகளைத் துரத்திப் பிடிப்பதில் வல்லது. நைசஸ் என்பது கிரேக்கத் தொன்மத்தில் மெகாரா நகரத்து அரசன். அவன் தலையில் இருந்த ஒற்றை ஊதா மயிர்க்கற்றை இருக்கும்வரை நகரம் விழாது. முற்றுகையிட்ட பகை அரசனிடம் மனம் பறிகொடுத்த மகள், தந்தை தூங்கும்போது அந்தக் கற்றையை அறுத்துவிட்டாள். நகரம் விழுந்தது. நைசஸ் வேட்டைப்பறவையானான், மகளும் பறவையானாள், அவன் அவளை என்றென்றும் துரத்துகிறான். சிட்டுகள் சிதறப் பாய்ந்து வரும் பருந்தைப் பார்த்தவர்கள் சொன்ன கதை அது.

லின்னேயஸின் கூடையைப் பிரித்தவர்களில் முதன்மையானவர் மாத்துரின் ஜாக் பிரிசோன் என்ற பிரெஞ்சுக்காரர். ரெயோமூர் என்ற அறிவியலாளர் பாரிஸில் சேர்த்துவைத்திருந்த பெரும் பறவைத் தொகுப்பைப் பராமரித்தவர். வருடக்கணக்கில் அந்தத் தோல்களை எடுத்துப் பார்த்து, அளந்து, எழுதி, 1760-இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். லின்னேயஸ் ஒரு வரியில் சொன்னதை பிரிசோன் ஒரு பக்கத்தில் சொன்னார். சிற்றினங்களுக்கு இருசொல் முறையை அவர் பின்பற்றவில்லை. ஆனால் அவர் வகுத்த பேரினங்கள் அத்தனை தெளிவாக இருந்ததால் பின்வந்த பெயரீட்டு விதிகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. அவற்றுள் ஒன்று அக்சிபிட்டர். பிற்காலத்தில் அந்தத் தொகுப்பு வேறு கைக்குப் போனதும் பிரிசோன் இயற்பியலுக்குத் திரும்பிவிட்டார். பறவைகளை விட்டுப் போனவர் வைத்த பெயர் இரண்டரை நூற்றாண்டாகப் பறந்துகொண்டிருக்கிறது.

அக்சிபிட்டர் பழைய லத்தீன் சொல், வேட்டைப்பறவையைக் குறிப்பது. ‘பற்றிக்கொள்’ என்ற வினையிலிருந்து பிறந்தது என்று பழைய ரோமானியர் நினைத்தார்கள். மொழியியலாளர்களில் ஒரு சாரார், ‘விரைந்த சிறகு’ என்பதே ஆதிப்பொருள் என்கிறார்கள். அவர்கள் காட்டும் விரைவு வேருக்கு வடமொழியில் உள்ள உறவு ‘ஆசு’. கேட்டவுடன் பாடுபவரை ஆசுகவி என்கிறோமே, அந்த ஆசு.

1799-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரரான லாசபேட் கூடையை மேலும் பிரித்தார். பெரிய காட்டுப் பருந்தான கோஷாக்கை ஆஸ்டர் என்ற புதுப் பேரினத்தில் வைத்தார். வயல்மேலும் சதுப்பின்மேலும் தாழ்வாக மிதந்து செல்லும் பூனைப்பருந்துகளைச் சர்கஸ் என்று தனியே பிரித்தார். ஒரே ஆண்டு, ஒரே கை. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் மறுபடி சந்திக்கும்.

ஐந்தை நம்பியவர்

1844-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் யோகான் யாக்கோப் கௌப் என்பவர் பாலூட்டிகளையும் பறவைகளையும் வகைப்படுத்தி ஒரு நூல் எழுதினார். அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர், மண்ணுக்குள்ளிருந்து வந்த டைனோதீரியம் என்ற யானை உறவு விலங்குக்குப் பெயர் கொடுத்தவர். இயற்கைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதும், அந்தக் கணக்கு ஐந்து ஐந்தாக அமைந்தது என்பதும் அவர் நம்பிக்கை. அந்தக் காலத்தில் வேறு சிலரும் அப்படி நம்பினார்கள். ஐந்து கிடைக்கும்வரை குழுக்களைப் பிரித்தார்கள், கூட்டினார்கள்.

அந்த நம்பிக்கை பின்னர் உதிர்ந்துபோயிற்று. ஆனால் பிரித்துக்கொண்டே போன கௌப், பருந்துகளிடையே இரண்டு புதுப் பெயர்களை விட்டுச் சென்றார். ஒன்று டாக்கிஸ்பைசா; விரைந்த பருந்து என்று பொருள். மற்றது லோஃபோஸ்பைசா; கொண்டைப் பருந்து. டாக்கிஸ்பைசாவுக்கு எடுத்துக்காட்டான பறவை, 1821-இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் ஜாவாத் தீவிலிருந்து விவரித்த ஃபால்கோ சோலோயென்சிஸ். அங்குள்ள சோலோ ஊரின் பெயர் அதற்கு.

இங்கே பெயரீட்டின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பேரினப் பெயர் என்பது முளையில் கட்டிய மாடு. முளை ஒரு சிற்றினம். அக்சிபிட்டரின் முளை நைசஸ் என்ற சிட்டுப்பருந்து. டாக்கிஸ்பைசாவின் முளை சோலோப் பருந்து. லோஃபோஸ்பைசாவின் முளை, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் நாம் பார்க்கும் கொண்டைப் பருந்து. முளையை எந்தக் குழுவுக்குள் நகர்த்தினாலும் பெயர் கூடவே போகும். ஒரு குழுவுக்குள் இரண்டு முளைகள் வந்து சேர்ந்தால், முதலில் அச்சேறிய பெயருக்கே உரிமை. மற்றது சாவதில்லை, ஒத்த பெயர்களின் பட்டியலில் சிறிய எழுத்தில் காத்திருக்கும். டாக்கிஸ்பைசா அப்படித்தான் காத்திருந்தது.

காலின் நடுவிரல்

இதற்கிடையில் வைரி இந்தியாவில் அதன் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வட இந்தியாவில் வேட்டைப்பறவை பழக்குபவர்கள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். சில நாளிலேயே கைக்குப் பழகும். கவுதாரி, மைனா பிடித்துத் தரும். விலையுயர்ந்த பெரிய வல்லூறுகளுக்குத் தீனி தேடவும் இதையே விட்டார்கள். பெண் பெரியது, ஆண் சிறியது என்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். பெண் சிக்ரா, ஆண் சிப்பக். சிக்ரா என்ற பெண்பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போய் உலகப் பெயராயிற்று.

மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1862-இல் வெளிவரத் தொடங்கிய தம் இந்தியப் பறவை நூலில் வைரியை மைக்ரோனைசஸ் பாடியஸ் என்று எழுதினார். சிறிய நைசஸ் என்று பொருள். 1895-இல் பிரித்தானிய இந்திய விலங்குத் தொகுதியின் பறவைப் பகுதியை எழுதிய வில்லியம் பிளான்ஃபோர்ட் அதை ஆஸ்டர் பாடியஸ் ஆக்கினார். காரணம் கால். சிட்டுப்பருந்துக்குக் கணுக்கால் ஒல்லி, நடுவிரல் நீளம். பறக்கும் சிட்டை எட்டிப் பிடிக்க வசதியான கால். கோஷாக்குக்குக் கால் தடிமன், விரல் அவ்வளவு நீளமில்லை. வைரியின் நடுவிரல் குட்டை. ஆகவே அது ஆஸ்டர். வைரியோடு காட்டோரத்தில் பார்க்கக் கிடைக்கும் பெஸ்ரா என்ற பருந்துக்கு நடுவிரல் நீளம். ஆகவே அது அக்சிபிட்டர். உருவத்தில் இரண்டையும் பிரித்தறிவதற்கே திணறுகிறோம். தொண்டையின் நடுக்கோடு பெஸ்ராவுக்குத் தடித்தது, வைரிக்கு மெல்லியது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் விரல் நீளம் இரண்டையும் இரு வீட்டுப் பிள்ளைகளாக்கியது.

இதைச் சிறுமையாக நினைக்க மனம் வரவில்லை. பிளான்ஃபோர்ட்டிடம் இருந்தது அளவுகோலும் உலர்ந்த தோலும்தான். உணவுக்கேற்ப விரல் நீளும், குறையும் என்பதை அந்த அளவுகோல் சொல்லாது. அவர் கண்ணுக்கு எட்டியவரை கவனமாக அளந்தார்.

20-ஆம் நூற்றாண்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. ஆஸ்டர், அக்சிபிட்டர் என்று பிரிக்கும் எல்லை எங்கே என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எந்தக் கோட்டைப் போட்டாலும் அதன்மேல் நிற்கும் பறவைகள் இருந்தன. ஆகவே எல்லாவற்றையும் பிரிசோனின் பழைய பெயருக்குள் கொண்டுவந்தார்கள். 1968-இல் சாலிம் அலியும் டில்லன் ரிப்ளேயும் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளின் கையேட்டை வெளியிடத் தொடங்கியபோது வைரி அக்சிபிட்டர் பாடியஸ் ஆகிவிட்டிருந்தது. உலகெங்குமாக ஏறக்குறைய ஐம்பது சிற்றினங்கள். பருந்துக் குடும்பத்திலேயே மிகப் பெரிய பேரினம். என் தலைமுறை மனப்பாடம் செய்த பெயர் அதுதான்.

முகம் சொல்லும் பொய்

ஐம்பதும் ஒன்றுபோலவே இருந்தன என்பது உண்மை. குட்டையான உருண்டைச் சிறகு, நீண்ட வால், மெலிந்த கால், வெறித்த கண். நாலைந்து சிறகடிப்பு, பிறகு ஒரு சறுக்கல் என்ற அதே பறத்தல். ஆனால் இந்த ஒற்றுமைக்கு இரத்த உறவு மட்டும்தான் காரணமா? அடர்ந்த மரங்களுக்கிடையே புகுந்து, எதிர்பாராத நேரத்தில் பாய்ந்து பிடிப்பவனுக்கு நீண்ட சிறகு இடைஞ்சல். குட்டைச் சிறகு வேண்டும். நொடியில் திரும்ப நீண்ட வால் வேண்டும். ஒரே வேலையை நெடுங்காலம் செய்தால் தூரத்து உறவுகளும் ஒரே உடம்புக்கு வந்து சேரும்.

முகத்தை நம்பக் கூடாது என்பதற்கு நம் தோட்டத்திலேயே பாடம் இருக்கிறது. அக்கா குயில். கோடையில் ஒரே கூவலை மேலேற்றி மேலேற்றிக் கத்தி நம் தூக்கத்தைக் கெடுக்கும் பறவை. 1797-இல் டென்மார்க்கின் மார்ட்டின் வால் இதற்கு லத்தீன் பெயர் கொடுத்தபோது ஆதாரமாக இருந்த பறவை, டேனியர் ஆண்ட நம் தரங்கம்பாடியிலிருந்து சென்றது. சாம்பல் முதுகு, கோடிட்ட மார்பு, பட்டை வால், பறக்கும் விதம் என்று வைரியை அப்படியே உரித்துவைத்திருக்கும். அது வந்து உட்கார்ந்ததும் அணிலும் தவிட்டுக்குருவியும் அலறும். அதன் இளம் பறவைகூட வைரியின் இளம் பறவையைப் போலவே இருக்கும். ஆனால் அது குயில். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிட்டுப் போகும் குயில். நானே பலமுறை அதை வைரியென்று பதிந்து, பிறகு திருத்தியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி 2008-இல் வந்தது. பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்று, பொரி வல்லூறு போன்ற உண்மையான ஃபால்கோக்கள் பருந்துகளுக்கு நெருங்கிய உறவே இல்லை என்று காட்டியது. அவற்றுக்குக் கிட்டத்து உறவு கிளிகளும் பாடும் பறவைகளும். லின்னேயஸும் க்மெலினும் ஒரு பெயரில் அடைத்த வைரியும் வல்லூறும் பறவை மரத்தில் வெவ்வேறு கிளைகளில் இருந்தன.

முளைகள் நகர்ந்தன

பூனைப்பருந்துகள்தான் அடுத்த முடிச்சை அவிழ்த்தன. குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கும் புல்வெளிகளுக்கும் வருபவை. ஆந்தை போன்ற முகவட்டம், நீண்ட சிறகு, தரையை ஒட்டி மெல்ல மிதக்கும் பறத்தல். வைரியோடு அவற்றைக் குழப்ப யாராலும் முடியாது. ஆனால் மரபணுவைப் படித்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஒரே விடை வந்தது. பூனைப்பருந்துகளின் கிளை, அக்சிபிட்டர் என்று நாம் அழைத்த கூட்டத்தின் நடுவிலிருந்து புறப்பட்டிருந்தது. கோஷாக்குக்குச் சிட்டுப்பருந்தைவிடப் பூனைப்பருந்துதான் நெருங்கிய உறவு. 1799-இல் லாசபேட்டின் கை ஒரே நூலில் எழுதிய ஆஸ்டரும் சர்கஸும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தன.

பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் என்பது இன்றைய அளவுகோல். அண்ணன் தம்பிகளில் ஒருவனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு எழுதிய குடும்ப அட்டை செல்லாது. இரண்டே வழிகள்: பூனைப்பருந்துகளையும் அக்சிபிட்டருக்குள் இழுப்பது, அல்லது அக்சிபிட்டரைப் பிரிப்பது. முதல் வழி, ஏற்கெனவே பெருத்திருந்த பெயரை மேலும் பொருளற்றதாக்கும். இரண்டாம் வழிக்கு எல்லாக் கிளைகளையும் உறுதியாக அறிய வேண்டும்.

2021-இல் தென் அமெரிக்காவின் இரு குட்டிப் பருந்துகள் முதலில் பிரிந்து மைக்ரோஸ்பைசியாஸ் என்ற புதுப் பெயர் பெற்றன. 2024-இல் தெரஸ் கட்டனாக், மாத்யூ ஹாலி, ஸ்டேசி பிரோ ஆகிய மூவர் எஞ்சியதை விரித்துப் பார்த்தார்கள். அவர்கள் கையாண்டது மரபணுத் தொகுதியில் பல கோடி ஆண்டுகளாகப் பெரிதும் மாறாமல் நிற்கும் துண்டுகளை. அந்தத் துண்டுகள் கல்தூண்கள் மாதிரி. எந்தப் பறவையிலும் அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். தூணுக்கு இருபுறமும் உள்ள பகுதிகள் மெல்ல மெல்ல மாறிவந்திருக்கின்றன. அந்த மாற்றங்களை ஒப்பிட்டால் யார் எப்போது பிரிந்தார்கள் என்ற வரிசை தெரியும். இந்த முறையின் சிறப்பு, அருங்காட்சியக அலமாரியில் நெடுங்காலம் உலர்ந்து கிடக்கும் தோலும் இதற்குப் போதும் என்பது. அளவுகோலுக்காகப் பாதுகாத்துவைத்த உடல்கள், அளவுகோல் சொல்லாததைச் சொல்லத் தொடங்கின.

அந்த ஆய்வு லின்னேயஸின் பெயரால் லண்டனில் இயங்கும் கழகத்தின் இதழில் வெளிவந்தது. முளைகள் நகர்ந்தன. அக்சிபிட்டர் என்ற பெயர் நைசஸோடும் அதன் நெருங்கிய உறவுகளோடும் நின்றது. கோஷாக்கும் அமெரிக்காவின் கூப்பர் பருந்தும் இருக்கும் குழுவுக்கு ஆஸ்டர் மீண்டது. நம் மலைகளின் கொண்டைப் பருந்துக்குக் கௌப் கொடுத்த லோஃபோஸ்பைசா. ஆப்பிரிக்காவின் ஒரு சிறு குழுவுக்கு 1922-இல் ஆஸ்டின் ராபர்ட்ஸ் வைத்த ஏரோஸ்பைசா. வைரியோ, ஜாவாவின் சோலோப் பருந்து இருந்த குழுவுக்குள் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவிய 27 சிற்றினங்களின் குழு அது. நிக்கோபார் தீவின் பருந்தும் அதில் உண்டு. அந்தக் குழுவுக்கு 180 ஆண்டுகளாகச் சிறிய எழுத்தில் காத்திருந்த டாக்கிஸ்பைசா உயிர் பெற்றது. ஐந்து ஐந்தாக உலகைப் பிரித்தவரின் கணக்கு தவறு. அவர் நட்ட முளை சரியான இடத்தில் இருந்தது.

பெஸ்ராவும் அதே குழுவுக்குள் வந்துவிட்டது. நடுவிரலின் நீளத்தால் பிளான்ஃபோர்ட் இரு வீட்டில் வைத்த இரண்டும் இன்று ஒரே முன்னெழுத்து எழுதுகின்றன. காட்டோரத்தில் அவற்றைப் பிரித்தறியத் திணறும் நம் கண்களுக்கு அதில் ஓர் ஆறுதல்.

லத்தீன் சொற்களுக்குப் பால் உண்டு. அக்சிபிட்டர் ஆண்பால்; டாக்கிஸ்பைசா பெண்பால். வந்தான் வந்தாள் ஆவதுபோல, பாடியஸ் பாடியா ஆயிற்று. சிக்ரா என்று வேட்டைக்காரர்கள் அழைத்தது பெண் பறவையைத்தான். இப்போது அறிவியல் பெயரும் அவள் பெயராகிவிட்டது.

மாற்றத்தை உலகப் பட்டியல்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. அப்படித்தான் அந்தக் காலையில் என் கைபேசிக்கும் வந்தது. பறவை பார்க்கும் நண்பர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள்: இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் யார் நினைவில் வைப்பது? நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. பிரிசோன் கொடுத்த பெயரையே, பூனைப்பருந்தின் உறவு தெரிந்த பிறகும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தால் அது பெயருக்குக் காட்டும் விசுவாசம். பறவைக்குக் காட்டும் விசுவாசம் அல்ல. தவறான முன்னெழுத்தைத் திருத்த 236 ஆண்டுகளாக ஆள் மாற்றி ஆள் உழைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் உயிரோடு ஒரு வைரியைப் பார்த்ததே இல்லை. இனியும் திருத்துவார்கள் என்பதில்தான் இந்தப் பெயரின் மதிப்பு.

முழுப் பெயரை எழுதும்போது கடைசியில் ஓர் அடைப்புக்குறி வரும்: டாக்கிஸ்பைசா பாடியா (க்மெலின், 1788). அந்த அடைப்புக்குறிக்குப் பொருள் உண்டு. முதலில் பெயரிட்டவர் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதன் அடையாளம் அது. இரண்டாம் சொல் முதல் நாளிலிருந்து கூடவே வருகிறது, விகுதி மட்டும் மாறி. ஆண்டும் க்மெலினும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார்கள். ஆளுநர் லோட்டனின் பெயர் நம் தோட்டத்துத் தேன்சிட்டு ஒன்றுக்கு உண்டு. லோட்டனுக்காக இலங்கைப் பறவைகளைத் தாளில் இறக்கிய டெ பெவெரே, வைரியின் பெயரில் எங்கும் இல்லை.

அணில் கத்தினால் இப்போதும் எழுந்து போகிறேன். வைரியாக இருந்தால் புதுப் பெயரில் பதிகிறேன். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு சின்ன இடம் இருக்கிறது. சில நாட்களில் அதில் ஒரு வரி சேர்க்கிறேன்: டெ பெவெரேயின் ஊர்ப் பறவை, முதுகு சாம்பல்.